இரண்டாவது ஜோடி காலுறை

இருதயமேரியின் கைப்பையில் எப்போதும் இன்னொரு ஜோடி காலுறை இருக்கும். வெள்ளைப் பருத்தி. பிளாஸ்டிக் பையில் சுருட்டி, சோற்று டப்பாவுக்கும் ஜெபமாலை டப்பாவுக்கும் நடுவில் செருகி வைத்திருப்பாள். ஒன்பது வருஷமாக அப்படித்தான். எதற்கு என்று கணவர் சவரிநாதன் ஒரே ஒரு தடவை கேட்டார். "வேல செய்ற எடம் ஈரம்ங்க" என்றாள். அது முழுப் பொய்யும் இல்லை. அவரும் அதோடு விட்டுவிட்டார். பெண்டாட்டியின் காலுறையில் ஆண்பிள்ளைக்கு அதற்கு மேல் என்ன அக்கறை இருக்கப் போகிறது?

அவள் வேலை செய்வது ஈப்போவுக்கு வெளியே உள்ள ஒரு ரப்பர் கையுறை ஆலையில். பிறந்தது ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டியவர்கள். பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டபோது குடும்பம் ஈப்போவில் புந்தோங்குக்கு வந்து ஒண்டியது. அம்மா பால் வெட்டினாள், மகள் அந்தப் பாலில் செய்த கையுறைக்குள் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்க்கிறாள். பால் மட்டும் இப்போது தாய்லாந்திலிருந்து வருகிறது. இதையெல்லாம் நினைத்துப் பெருமூச்சு விட மேரிக்கு நேரம் கிடையாது. ஒரு கையுறைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு நிமிஷம் தொங்கவிட வேண்டும், ஒழுகாவிட்டால் நல்லது என்று சீட்டு ஒட்ட வேண்டும். ஐம்பத்தொரு வயதில் அவளுடைய நாள் முழுக்க அந்த இரண்டிரண்டு நிமிஷத்தில்தான் ஓடுகிறது.

சாந்தினி வந்து சேரும் வரைக்கும் அந்த ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை என்றுதான் மேரி நினைத்துக்கொண்டிருந்தாள்.

சாந்தினி கோப்பெங் ஊர்ப் பெண். இருபத்து நான்கு வயது. வேலைக்கு வந்த முதல் வாரமே கேன்டீனில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, தட்டு நிறையச் சோறு போட்டு, கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டாள். அதுகூட மேரிக்குப் பொறுக்கவில்லை. இந்த ஆலையில் மேரி ஒரு நாள்கூட முழுத் தட்டுச் சோறு சாப்பிட்டதில்லை. காலையில் என்ன நடக்குமோ என்கிற பயம் மத்தியானம் வரை தொண்டையிலேயே நிற்கும். அந்தப் பெண்ணுக்குத் தொண்டையில் எதுவும் நிற்கவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க மேரிக்கு எரிச்சலாக வந்தது.

பயம் எதற்கு என்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் விடியுமுன்னே ஆட்களைக் கூட்டிப் பேர் வாசிப்பதைப் பெரட்டு என்பார்கள். ஆலையில் வேலை தொடங்குமுன் நடக்கும் கூட்டத்துக்கு ஏதோ ஆங்கிலப் பெயர் உண்டு. ஆனால் தமிழாட்கள் வாயில் அதுவும் பெரட்டுதான். அதை நடத்துபவன் சூப்பர்வைசர் தர்மேந்திரன். நாற்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை, எந்நேரமும் ஒரு சிரிப்பு. மேரி நல்லது என்று சீட்டு ஒட்டி அனுப்பியதில் ஒன்று மறுசோதனையில் ஒழுகிவிட்டால், அந்தக் கையுறையில் தண்ணீர் நிரப்பி மறுநாள் பெரட்டுக்கு எடுத்து வருவான். ஊசி முனையளவு ஓட்டை. எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் மாதத்துக்கு இரண்டு மூன்று தப்பத்தான் செய்யும், அது எல்லோருக்கும் தெரியும். "வாங்க பைப்பு" என்று கூப்பிடுவான். பைப்பு என்றால் மேரி. நாற்பது பேர் முன்னால் நின்று, கூட்டம் முடியும் வரை அந்தக் கையுறையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நாற்பது பேரும் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் நாளைக்குத் தன் கைக்கு வந்துவிடுமோ என்கிற பயமும் அந்தச் சிரிப்பில் உண்டு.

தரையில் தண்ணீர் சொட்டினால் அவளே எல்லோர் முன்னாலும் குனிந்து துடைக்க வேண்டும். அதனால் மேரி ஒரு வித்தை கண்டுபிடித்தாள். கையுறையைக் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்த்துத் தன் கால் மேலேயே சொட்டவிடுவாள். கேன்வஸ் சப்பாத்து குடித்துக்கொள்ளும், தரை காய்ந்தே இருக்கும். பிறகு கழிவறைக்குப் போய்க் காலுறையை மாற்றிக்கொண்டு வந்துவிடுவாள். யாருக்கும் தெரியாது. இந்த வித்தையில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பொறுத்துக்கொள்ள இன்னொரு வழியும் அவளுக்குத் தெரியும். பட்ட கஷ்டத்தை யாருக்காகவாவது ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிடுவது. மாதா கோயிலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் சின்ன வயதிலிருந்தே பழகின வழி அது. கையுறை கையில் வந்ததும் இது இன்னாருக்காக என்று மனதுக்குள் சொல்லிவிடுவாள். மகன் கால்வினின் பரீட்சைக்காக. சவரிநாதனின் இனிப்புநீர் வியாதிக்காக, அவர் காலில் வைத்த ஆபரேஷனுக்காக. கால்வின் நன்றாகப் பாஸானான். சவரிநாதனின் கால் தப்பியது. அப்படியானால் தண்ணீர் வீண் போகவில்லை என்றுதானே அர்த்தம்? மேரி அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

இப்போது சாந்தினிக்கு வருவோம். ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது அவள் சோதித்ததில் ஒன்று ஒழுகியது. மறுநாள் பெரட்டில் தர்மேந்திரன் அதை நிரப்பிக் கொண்டுவந்தான். மேரி பின்வரிசையில் நின்றாள். உள்ளதைச் சொன்னால் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். முழுத் தட்டுச் சோறு தின்கிறாளே, இன்றைக்குத் தெரியட்டும் என்று காத்திருந்தாள்.

சாந்தினி கையுறையை வாங்கினாள். நேராகச் சுவரோரத் தொட்டிக்குப் போய்த் தண்ணீரைக் கொட்டினாள். கையுறையை உதறி, மார்க்கர் பேனாவால் அதன் மேல் பெட்டி எண்ணை எழுதி, மேசை மேல் வைத்தாள்.

"அண்ணே, இது சோதிக்கிற லாப்புக்குப் போக வேண்டியது. என் கைல எதுக்கு?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. தர்மேந்திரன்தான் சிரித்தான். "மகாராணி வந்திருக்காங்கலா" என்றான். மறுநாளே மகாராணியைச் சூளைப் பக்கம், நின்றால் முகம் வெந்துவிடும் இடத்துக்கு மாற்றினான். போகிறவர் வருகிறவர் எல்லாம் மகாராணி என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். நாலாம் நாள் சாந்தினி இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதி ஆள்வள அலுவலகத்தில் கொடுத்துவிட்டாள்.

இரண்டே பக்கம். ஆலை முழுக்க அதுதான் பேச்சு. மேரியோடு வேலை செய்யும் நவமணி, தானே எழுதினது போலப் பூரித்துப் போனாள். "என்னா தைரியம்க்கா அந்தப் புள்ளைக்கு. நம்மளும் இருக்கோமே, ஆடு மாதிரி."

"எல்லாம் வயசுக் கோளாறு" என்றாள் மேரி.

அவளுக்கு வயிறு எரிந்தது. நல்ல காரியம் ஒன்று நடக்கிறது, சந்தோஷப்பட வேண்டியவளே அவள்தான். அது அவள் புத்திக்கும் தெரியும். ஆனால் வயிறு புத்தி சொன்னால் கேட்கிறதா? கையை நீட்டித் தொட்டியில் கொட்டினால் முடிகிற காரியமா இது? அந்தத் தொட்டி ஒன்பது வருஷமும் அங்கேதானே இருந்தது, அவள் நின்ற இடத்திலிருந்து எட்டடி தூரத்தில். அங்கே போய்க் கொட்டலாம் என்று தனக்கு ஒரு நாள்கூடத் தோன்றாதது ஏன்? அந்தப் பெண் செய்தது சரி என்றால், கால்வினுக்காகவும் சவரிநாதனுக்காகவும் ஒப்புக்கொடுத்த அத்தனை நாளும் என்ன ஆவது? நினைக்க நினைக்கச் சாந்தினியின் காய்ந்த சப்பாத்தைக் கண்டாலே மேரிக்கு ஆகவில்லை.

வீட்டில் சும்மா இருந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை, பெயர் சொல்லாமல் சவரிநாதனிடம் கதையைச் சொன்னாள். அவர் காலை ஸ்டூல் மேல் நீட்டியபடி கேட்டுவிட்டு, "கெட்டிக்காரப் புள்ளலா. அப்படித்தான் இருக்கணும். எவனோ ஒருத்தன் தண்ணியப் புடின்னா புடிச்சிக்கிட்டு நிக்கிறவங்கள என்னா சொல்றது?" என்றார்.

மேரி எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள்.

விசாரணை தொடங்கியது. ஆள்வள அலுவலகத்திலிருந்து ஜோவான் என்கிற பெண் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தாள். போய் வந்தவர்கள் எல்லாம் விளையாட்டுக்குத்தான் சிரித்தோம், வேறொன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தார்கள். தைரியத்தைப் பற்றிப் பாடம் நடத்திய நவமணியும் அதையே சொன்னாள். கேட்டதற்கு, "நான் இன்னும் மூணு வருஷம் இங்க ஓட்டணும்க்கா" என்றாள். மிச்சம் இருந்தது மேரி ஒருத்திதான். அந்தப் பிரிவில் அவள்தான் மூத்தவள். அவளும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் புகார் பொய்யாகிவிடும். பொய்ப் புகார் கொடுத்தவளை யார் நிரந்தரமாக்குவார்கள்? சாந்தினி கோப்பெங்குக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

மேரியைக் கூப்பிடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், அவள் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது தர்மேந்திரன் வந்தான்.

"அக்கா" என்றான்.

ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. மேரி வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"ஒங்களத்தான்க்கா. நீங்கதான் இங்க சீனியர். ஒங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்த வந்தா போதும், முடிஞ்சிடும். நீங்க ஒரு நாளாவது மூஞ்சி சுளிச்சிருப்பீங்களா? பழைய ஆளுங்க பழைய ஆளுங்கதான். இந்தப் புள்ளைக்கு சபார் கெடையாது. கொஞ்சம்கூடப் பொறுமை இல்ல."

வெட்கக்கேடு, மேரிக்கு அது இனித்தது. இத்தனை வருஷம் அவள் பொறுத்ததை ஒரு மனுஷர் கண்டு சொன்னாரே. அதைச் சொன்னவன் பொறுக்க வைத்தவனேதான் என்பது பஸ் புந்தோங் வந்து சேர்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அப்போதும் இனிப்பு முழுசாகப் போய்விடவில்லை. சாந்தினிக்குப் பொறுமை இல்லை என்றானே, அந்த ஒரு வார்த்தையைப் படுக்கையிலும் வைத்துச் சப்பிக்கொண்டே தூங்கினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜோவான் கூப்பிட்டாள். குளிரூட்டின அறை, நீள மேசை. ஜோவானுக்கு முப்பது வயது இருக்கும். கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி.

"உக்காருங்க ஆண்ட்டி. பயப்படாதீங்க. பெரட்டுல கையுறையில தண்ணிய ஊத்திப் புடிக்கச் சொல்றாங்கன்னு கம்ப்ளேய்ன் வந்திருக்கு. ஒங்களுக்கு அப்படி நடந்திருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. விளையாட்டுக்குச் செய்றது. அந்தப் பொண்ணு சின்னப் புள்ள, தாங்கிக்கத் தெரியல."

சொல்லிவிட்டாள். சொன்னதும் நெஞ்சு லேசானது. ஜோவான் எழுதினாள். மேரி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் ஆண்ட்டி. சாந்தினி லெட்டர்ல முதல் பத்தி ஒங்களப் பத்தி இருக்கு. உண்மையான்னு மட்டும் சொல்லுங்க." ஜோவான் தாளை எடுத்து வாசித்தாள். "எங்கள் பிரிவில் மேரி அக்கா என்று ஒரு மூத்தவர் இருக்கிறார். தரை நனையக் கூடாது என்று தண்ணீரைத் தன் கால் மேலேயே விட்டுக்கொள்வார். அதற்காகவே பையில் இன்னொரு ஜோடி காலுறை கொண்டு வருகிறார். நான் வந்த பிறகு பார்த்தேன். அதற்கு முன்னும் நாலைந்து தடவை அவருக்கு இப்படி நடந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். எனக்கு ஒரு முறை நடந்ததற்காக மட்டும் இதை எழுதவில்லை."

மேரி கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் பார்த்திருக்கிறாள். யாருக்கும் தெரியாது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, வந்து ஆறு மாதம் ஆகாதவள் பார்த்து, அதைத் தாளிலும் எழுதிவிட்டாள். முகம் சுட்டது. ஆனால் அதைவிட வேறொன்று அவளைக் குத்தியது.

"என்னா போட்டிருக்கு? எத்தன தடவ?"

"நாலைந்து தடவைன்னு இருக்கு ஆண்ட்டி."

"நாலஞ்சு தடவையா?"

ஜோவான் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாலஞ்சு தடவைன்னு எழுத அவளுக்கு யாரு சொன்னா? அவளுக்கு ஒரு நாளு நடந்திச்சு. அதையும் அவ தொட்டில ஊத்திட்டுப் போயிட்டா, கால்ல ஒரு சொட்டு படல. அவளுக்கு ரெண்டு பக்கம், எனக்கு நாலஞ்சு தடவையா? என்னோடத நாலு வரில முடிச்சிருவாளா அவ?" மேரியின் குரல் அந்த அறைக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. "எழுதுங்கம்மா. மொதல்ல சொன்னத அடிச்சிருங்க. நான் சொல்றேன், எழுதுங்க."

நியாயத்துக்காகப் பேசினாள், சாந்தினியைக் காப்பாற்றப் பேசினாள் என்றெல்லாம் ஜோவான் நினைத்திருக்கலாம். அதெல்லாம் இல்லை. தான் பட்டதை இன்னொருத்தி குறைத்து எழுதிவிட்டாளே என்கிற எரிச்சலில்தான் பேசினாள். ஆனால் பேசியது அத்தனையும் உண்மை.

முதல் தடவை தவக்காலம் தொடங்கின வாரம், திருநீற்றுப் புதனுக்கு மறுநாள். அன்றைக்கு மாற்றுக் காலுறை கிடையாது, சாயங்காலம் வரை ஈரக்காலோடு நின்று இரண்டு விரலிடுக்கிலும் புண். இரண்டாவது தடவை குருத்தோலை ஞாயிறு கழிந்து. கால்வின் பரீட்சை எழுதின வருஷம் மாதத்துக்கு இரண்டு. கோவிட் காலத்தில் ஆலை இரவு பகலாக ஓடியபோது வாரத்துக்கு ஒன்று. அப்போது முகக்கவசம் போட்டிருந்ததால் அழுதது யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொன்றும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் இருந்தாரே, எப்படி மறக்கும்?

"யாருக்காக ஒப்புக்கொடுத்தேன்னு சொன்னா உங்களுக்குப் புரியும். நீங்களும் கோயிலுக்குப் போற புள்ளதானே" என்றாள்.

ஜோவான் தலையசைத்தாள். பேனாவை மட்டும் நிறுத்தவில்லை.

"ஒரு தடவ அவரு மகளுக்கு டெங்கி. தர்மேந்திரன் சாரு மக. ஆஸ்பத்திரில ரத்தம் ஏத்திக்கிட்டு இருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கும் காலைல தண்ணிய ஊத்திக் கொண்டாந்தாரு. அன்னிக்கு எனக்கு வேற யாரும் ஞாபகத்துக்கு வரலம்மா. அந்தப் புள்ளைக்காகத்தான் புடிச்சேன். அதுக்கு நல்லாயிருச்சு."

ஜோவான் இப்போது பேனாவை வைத்துவிட்டாள். மேசை மேலிருந்த டிஷ்யூப் பெட்டியை மேரியின் பக்கம் தள்ளப் போனவள், தானே ஒன்றை எடுத்துக்கொண்டாள். மேரிக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"எழுதுங்கம்மா, இன்னும் இருக்கு" என்றாள்.

பன்னிரண்டரைக்குத்தான் வெளியே வந்தாள்.

ஒரு மாதம் கழித்துத் தர்மேந்திரனைச் சூப்பர்வைசர் வேலையிலிருந்து இறக்கிக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஒழுகின பெட்டியின் எண்ணை இனிமேல் பலகையில் எழுதினால் போதும், ஆள் பேர் வேண்டாம் என்று உத்தரவு வந்தது. சாந்தினியை நிரந்தரமாக்கினார்கள். நவமணி கேக் வாங்கி வந்தாள். கேன்டீனில் எல்லோரும் சாந்தினியைச் சுற்றி நின்று கைதட்டினார்கள். அவளால்தான் எல்லாம் நடந்தது, அவள் மட்டும் வராவிட்டால் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சாட்சி சொன்னவர்களின் பெயரை அலுவலகம் வெளியில் விடவில்லை. ஆகவே மேரி உள்ளே என்ன சொன்னாள் என்று ஒருவருக்கும் தெரியாது. அவளும் கைதட்டினாள். கூட்டத்தோடு கூட்டமாக ஒரு துண்டுக் கேக்கை வாங்கிக்கொண்டு ஓரத்து மேசையில் போய் உட்கார்ந்தாள். காதில் புகை வராத குறைதான்.

கொஞ்ச நேரத்தில் சாந்தினி தன் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஜோவான் மேடம் என்னக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டாங்க. மேச மேல ஒங்க ஃபைல் இருந்திச்சு, மேல ஒங்க பேரு. நான் படிக்கலக்கா, சத்தியமா. ஆனா தடியா இருந்திச்சு. எத்தன பக்கம்னு ஓரத்துல போட்டிருந்தாங்க. பதினோரு பக்கம்."

"ம்."

"என்னோடது ரெண்டுதான்க்கா." அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "நாலஞ்சு தடவைன்னு எழுதிட்டேன். எனக்குத் தெரியாதுக்கா."

மேரிக்கு முதலில் வந்தது பெருமைதான். பதினொன்று எங்கே, இரண்டு எங்கே. இந்த ஆலையிலேயே பெரிய ஃபைல் அவளுடையது. யாருக்கும் தெரியாவிட்டாலும் இவளுக்காவது தெரிந்ததே. அந்தப் பெருமையோடு கேக்கை வாயில் வைத்தாள்.

மெல்லும்போதே அது கரைந்து போனது. பதினோரு பக்கம் எதில் நிறைந்தது? விரலிடுக்குப் புண்ணில், கழிவறையில் ஒற்றைக் காலில் நின்று காலுறை மாற்றியதில், தின்னாத சோற்றில். எதிரில் உட்கார்ந்திருப்பவள் இரண்டு பக்கத்தோடு எழுந்து வந்துவிட்டாள். மிச்ச ஒன்பதும் வெறும் தாள். இனி அதில் அவள் கல்யாணம் எழுதலாம், பிள்ளை குட்டி எழுதலாம், என்ன வேண்டுமானாலும் எழுதலாம். மேரி குனிந்து பார்த்தாள். மேசைக்கு அடியில் சாந்தினி கால் மேல் கால் போட்டிருந்தாள். சப்பாத்து காய்ந்து வெள்ளை வெளேரென்று இருந்தது.

மேரி கைப்பையைத் திறந்து, அந்தப் பிளாஸ்டிக் பையை எடுத்து மேசை மேல் வைத்தாள். இன்றைக்கும் கொண்டு வந்திருந்தாள், பழக்கத்தில்.

"புதுசு. ஒரு தடவதான் போட்டேன். வச்சுக்க."

"எனக்கு எதுக்குக்கா?"

"மழ வந்தா போட்டுக்க. வேற எதுக்கும் வேணாம்." அவள் தன் தட்டிலிருந்த கேக்கில் பாதியை வெட்டி அந்தப் பெண்ணின் தட்டில் வைத்தாள். "ஒனக்கு ரெண்டு பக்கம் போதும்மா."

மனதாரத்தான் சொன்னாள். சொல்லும்போதும் வயிறு எரியத்தான் செய்தது.